பொம்மைய விடு மச்சான், மொதல்ல காத கவனி

டேய் மச்சான்,

உன் மெயில் பாத்ததும் செம சந்தோஷம்டா. சின்னவன் பொறந்தப்ப போட்டோ அனுப்புனது, அதுக்கப்புறம் ஆளையே காணோம், இப்ப பாத்தா அவனுக்கு பத்து மாசம், பெரியவளுக்கு நாலு வயசுங்கற, நம்பவே முடியல. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப மாடிப்படியே ஏறி எறங்கறாங்க. எனக்கு வேலை மாறிடுச்சு, பாதி நாள் வீட்ல இருந்தே பாக்கறேன், அதனால பசங்களோட நல்லா நேரம் கெடைக்குது. அதெல்லாம் போன்ல பேசுவோம், மொதல்ல நீ கேட்டதுக்கு வரேன், ஏன்னா உன் மெயில்ல பாதிக்கு மேல பயம்தான் தெரியுது.

14 மணி நேர ஃப்ளைட்டுக்கு என்னென்ன பொம்மை வாங்கணும்னு லிஸ்ட் கேட்டிருக்க. சொல்றேன், ஆனா அது கடைசில. பசங்கள கூட்டிட்டு போய்ட்டு வந்ததுல நான் உறுதியா நம்பற விஷயம் இதுதான், ஃப்ளைட்ல கொழந்தைங்க அழுறதுக்கு போரடிக்கறது ஒரு சின்ன காரணம், அவ்ளோதான். காது வலி, தாகம், தூக்கம், நனைஞ்ச டயப்பர், மூக்கடைப்பு, கால நீட்ட முடியாம ஒரே எடத்துல உக்காந்து கெடக்கறது, இதுங்கதான் பெரிய காரணம். உடம்பு சுகமா இருந்தா ஒரு காலி கப்ப வச்சே அரை மணி நேரம் வெளாடும்டா, உடம்பு சரியில்லன்னா நீ கடையவே தூக்கிட்டு வந்தாலும் நிக்காது.

அதுலயும் காதுதான் மொதல்ல. ப்ளேன் 35,000 அடில பறந்தாலும் உள்ள இருக்கற காத்தழுத்தம் 6,000ல இருந்து 8,000 அடி உயர மலை மேல இருக்கற அளவுக்குத்தான் வச்சிருப்பாங்க. மேல ஏறும்போது காதுக்குள்ள இருக்கற காத்து ஓரளவு தானாவே வெளிய வந்துடும், எறங்கும்போது அந்த காத்து திரும்ப உள்ள போகணும், அங்கதான் பிரச்சினையே. காதையும் மூக்குக்கு பின்னாடி இருக்கற தொண்டைப் பகுதியையும் இணைக்கற ஒரு சின்ன குழாய் இருக்கு, அது முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தான் தெறக்கும், சின்ன பசங்களுக்கு அது குறுகலா படுத்த வாட்டத்துல இருக்கறதால சட்டுனு தெறக்காது. அதனால எறங்கற நேரத்துல சின்னவன் எதையாவது சப்பி முழுங்கிட்டே இருக்கணும், தாய்ப்பாலோ பாட்டிலோ சூப்பானோ எதுவா இருந்தாலும் சரி. நெறைய பேர் கெளம்பும்போதே வயிறு முட்ட குடுத்துடுவாங்க, எறங்கும்போது குடுத்தா வாய மூடிக்கும். நீ கெளம்பும்போது கொஞ்சமா குடு, கடைசி பால தள்ளி வை. எறங்கறதுன்னா சக்கரம் தரையில படற நேரம் இல்லடா, அதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ப்ளேன் கீழ வர ஆரம்பிச்சுடும், கேப்டன் அறிவிப்பு சொன்ன உடனே ரெடியாகிடு. அப்ப தூங்கிட்டு இருந்தா மெதுவா எழுப்பிடு, பாவமா இருக்கும், ஆனா தூக்கத்துல ரொம்ப கம்மியா தான் முழுங்குவாங்க, அப்புறம் வலியில வீல்னு கத்திட்டே எந்திரிக்கறத விட இது எவ்வளவோ மேல்.

பெரியவளுக்கு ஸ்ட்ரா வச்ச பாட்டில்ல தண்ணி போதும். என் பொண்ணுக்கு உங்க பொண்ணு வயசு இருக்கும்போது, எறங்கற நேரத்துல திடீர்னு ரெண்டு கையாலயும் காத பொத்திக்கிட்டு, அப்பா யாரோ என் காத மூடுறாங்கன்னு சொன்னா, கண்ணு நெறைய தண்ணி. ஸ்ட்ராவ வாயில வச்சு பெருசா ஒரு மடக்கு குடிடான்னேன், குடிச்சா, ஒண்ணும் ஆகல, ரெண்டாவது மடக்குல அப்படியே நின்னுட்டா, மொகம் மாறுது, டப்புனு தெறந்துடுச்சுப்பான்னு ஒரு சிரிப்பு, அப்புறம் தரையில எறங்கற வரைக்கும் அவளே மடக்கு மடக்கா குடிச்சுட்டு ஒவ்வொரு டப்பையும் எனக்கு சொல்லிட்டே வந்தா. மிட்டாய், சூயிங்கம் எல்லாம் அந்த வயசுக்கு வேணாம், தொண்டையில சிக்கிடும். கெளம்பறதுக்கு முன்னாடி யாருக்காவது சளியோ காது வலியோ இருந்தா டாக்டர்ட்ட காட்டாம ஏறாத.

அடுத்தது வறட்சி. உள்ள காத்துல ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழ, நமக்கே உதடு வெடிக்கும். சின்னவனுக்கு மூக்கு காஞ்சு அடைச்சுக்கிட்டா பால் குடிக்கவும் முடியாது தூங்கவும் முடியாது, அவன் எதுக்கு அழுறான்னு உனக்கும் புரியாது. மூக்குல விடற உப்புத்தண்ணி சொட்டு ஒண்ணு கைப்பையில வச்சுக்கோ. ரெண்டு பேருக்கும் கேக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா குடிக்க குடுத்துட்டே இரு.

தூக்கம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஆபிஸ்ல யாரோ சளி மருந்து ஒரு மூடி குடுத்துடு தூங்கிடுவான்னு சொன்னாங்கன்னு எழுதிருந்தியே, தயவு செஞ்சு வேணாம்டா. அந்த மாதிரி மருந்து சில கொழந்தைங்களுக்கு நேர்மாறா வேல செஞ்சு தூங்க விடாம துள்ள வைக்கும், அளவு கொஞ்சம் கூடுனா மூச்சையே பாதிக்கும், ஏதாவது ஆச்சுன்னா அவ்ளோ உயரத்துல என்ன பண்ணுவ? நம்ம வசதிக்காக மருந்து குடுக்கற வேலையே வேணாம். அதுக்கு பதிலா வீட்ல தூங்க வைக்கும்போது என்ன பண்ணுவீங்களோ அதையே அங்கயும் பண்ணுங்க, நைட் டிரஸ் மாத்தி, மொகம் தொடச்சு, அதே போர்வை அதே பாட்டு. போர்வைய தொவைக்காம கொண்டு போ, வீட்டு வாசனை இருக்கணும்.

பாசினெட்டுக்கு, அதான் ப்ளேன்ல முன் செவுத்துல மாட்டி குடுக்கற கொழந்தை தொட்டிலுக்கு, இப்பவே ஏர்லைனுக்கு போன் பண்ணு, கம்மியா தான் இருக்கும், மொதல்ல கேட்டவங்களுக்கு போய்டும். எடை வரம்பு ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், நெறைய எடத்துல 10, 11 கிலோன்னு வச்சிருப்பாங்க, நீளமும் பாப்பாங்க, பத்து மாசத்து பையன் அந்த ஓரத்துல தான் நிப்பான், எடை போட்டு பாத்துட்டு கேளு. முன்னாடி செவுரு இருக்கற வரிசை அது, கால் நீட்ட எடம் கெடைக்கும், ஆனா நடுவுல இருக்கற கைப்பிடிய தூக்க முடியாது, பையையும் கால்கிட்ட வைக்க விட மாட்டாங்க, கெளம்பும்போதும் எறங்கும்போதும் எல்லாம் மேல போகணும். குலுங்க ஆரம்பிச்சு சீட் பெல்ட் லைட் போட்டா கொழந்தைய தூக்கி மடியில வச்சுக்கணும், அப்பதான் தூங்க வச்சிருப்ப, அழுகையா வரும், ஆனா அதுல சமரசமே கெடையாது. காசு முடிஞ்சா அவனுக்கும் தனி சீட் எடுத்து, ஃப்ளைட்டுக்கு அனுமதி இருக்கற கார் சீட்டுல பெல்ட் போட்டு உக்கார வைக்கறதுதான் ரொம்ப பாதுகாப்பு, மடியில இருக்கற கொழந்தைய பெரிய குலுக்கல்ல நம்ம கையால பிடிக்க முடியாது.

பெரியவளுக்கு கால் தான் பிரச்சினை. ஏறறதுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல உக்கார வைக்காத, ஓட விடு. கொழந்தை இருக்கறவங்க மொதல்ல வாங்கன்னு கூப்டுவாங்க, எல்லாரும் போகணும்னு இல்ல, நீ பைய எடுத்துட்டு போய் சீட்ட ரெடி பண்ணு, தங்கச்சி பசங்களோட கடைசியா ஏறட்டும், அடைஞ்சு கெடக்கற நேரம் அவ்ளோ கொறையும். உள்ள போனப்புறமும் அப்பப்ப பாதையில நடக்க கூட்டிட்டு போ, தள்ளுவண்டி வர்ற நேரத்துல மட்டும் வேணாம், ஓரத்துல நீட்டிட்டு இருக்கற சின்ன கை காலெல்லாம் அடி வாங்கும். இன்னொண்ணு, மடியில கொழந்தைய வச்சுக்கிட்டு சூடா காபி டீ வாங்காத, ஒரு இழுப்புல கொட்டிடும்.

சரி, பொம்மை. சத்தம் வர்றது, உருள்றது, சின்ன சின்ன துண்டா பிரியறது மூணும் வேணாம், சீட்டுக்கு அடியில போனா நீ தான் குனிஞ்சு தேடணும். எனக்கு ரொம்ப கைகுடுத்தது மாஸ்கிங் டேப், அந்த காகித டேப். என் பொண்ணு ட்ரே மேல நீளமா ஒட்டி ரோடு போட்டா, குறுக்க ஒண்ணு ஒட்டி பாலம்னா, பாட்டில் மூடிய காரா வச்சு ஓட்டுனா, அப்புறம் நகத்தால ஓரத்த கிளப்பி ஒவ்வொண்ணா உரிச்சு உருண்டையாக்கி மறுபடியும் மொதல்ல இருந்து, உரிக்கறது தான் அவளுக்கு இன்னும் பிடிச்சுது. கறை படாது, உரிச்சா வந்துடும். சின்னவன் பக்கத்துல மட்டும் துண்டு போடாத, வாயில போட்டுப்பான். அதோட ஒட்டி எடுக்கற ஸ்டிக்கர், ரெண்டு மூணு மெல்லிசான புக்கு, ஒரு நோட்டு, கிரேயான். எல்லாத்தையும் மொத்தமா எடுத்து குடுக்காத, ஒண்ணு முழுசா அலுத்தப்புறம் தான் அடுத்தது.

டேப்லெட்ட வச்சிரு, அதுல குத்த உணர்ச்சி எல்லாம் வேணாம், ஆனா பாதி தூரம் போற வரைக்கும் வெளிய எடுக்காத, கடைசி நாலு மணி நேரத்துக்கு தான் அது வேணும். டவுன்லோட் பண்ணினத மொத நாள் ராத்திரியே ஃப்ளைட் மோட்ல போட்டு ஓடுதான்னு பாத்துக்கோ, சில ஆப் நெட் இல்லாம தெறக்கவே தெறக்காது. ஹெட்போன் கொழந்தைங்களுக்குன்னு 85 டெசிபலுக்கு மேல போகாத மாதிரி வர்றது வாங்கு, இன்ஜின் சத்தத்துல கேக்கலன்னு வால்யூம ஏத்திட்டே போவாங்க. சீட் ஸ்க்ரீன்ல சொருக வயர் வேணும், ப்ளூடூத் மட்டும் இருந்தா பல ப்ளேன்ல வேலைக்காகாது. பவர் பேங்க் கைப்பையில தான், செக்-இன் பெட்டியில போடக்கூடாது.

டயப்பர், ஒரு செட் துணி, வைப்ஸ், ஒரு ப்ளாஸ்டிக் கவர், இத ஒரு ஜிப் கவர்ல போட்டு அப்படி நாலஞ்சு செட் பண்ணிக்கோ, அந்த சின்ன டாய்லெட்டுக்குள்ள முழு பையையும் தூக்கிட்டு போய் தேட முடியாது. உனக்கும் தங்கச்சிக்கும் மாத்த ஒரு டாப்பு எடுத்து வை, வாந்தி எடுத்தா உங்க மேல தான். கைப்பையில தண்ணி மாதிரி எதுவும் 100 மில்லிக்கு மேல கூடாதுங்கற கணக்க கொழந்தை பாலுக்கு பல நாட்டுல பாக்க மாட்டாங்க, ஆனா செக்யூரிட்டியில தனியா எடுத்து காட்டி மொதல்லயே சொல்லிடு.

மத்தவங்க என்ன நெனைப்பாங்கன்னு எழுதிருந்தியே, அது தான்டா என்ன உறுத்துச்சு. சுத்தி உக்காந்திருக்கறவங்களுக்கு சாக்லேட்டும் காதடைப்பானும் மன்னிப்பு சீட்டும் வச்சு குடுக்கறதா ஒரு ஐடியா சொன்ன, வேணவே வேணாம். கொழந்தை அழுறது தப்பு இல்ல, அதுக்கு முன்கூட்டியே யார்ட்டயும் மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல. நீ சும்மா இல்லாம தூக்கி வச்சு சமாதானம் பண்றத பாத்தாலே பெரும்பாலானவங்க புரிஞ்சுப்பாங்க. முன் சீட்ட ஒதைச்சா மட்டும் ஒடனே நிறுத்து, அது வேற கதை. நீ பதட்டமானா அத ரெண்டு கொழந்தையும் ஒன் ஒடம்புலயே உணர்ந்துடும், அதனால ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டுக்கங்க, ரெண்டு மணி நேரம் நீ, ரெண்டு மணி நேரம் தங்கச்சி, ஷிப்ட் இல்லாத ஆள் கண்டிப்பா கண்ண மூடணும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல களைச்சுட்டா தான் கஷ்டம்.

போய் எறங்குனப்புறம் மொத சில நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வெளாட கூப்டுவாங்க, கெழக்கு பக்கமா பறந்தா இன்னும் கஷ்டம். லைட்ட போடாத, பசிச்சா எதாவது குடுத்துட்டு இருட்டுலயே உக்காரு, காலையில நல்ல வெயில்ல வெளிய கூட்டிட்டு போ. நேர வித்தியாசத்துல ஒரு மணிக்கு சுமார் ஒரு நாள்னு கணக்கு வச்சுக்கோ, அந்த நாள்ல பெரிய ப்ரோக்ராம் எதுவும் போடாத.

ஃப்ளைட் எத்தன மணிக்கு, நடுவுல எங்கயாவது மாறணுமான்னு எழுதவே இல்ல, அத சொல்லு, அதுக்கேத்த மாதிரி தூக்கத்த எப்படி பிரிக்கறதுன்னு பேசுவோம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூப்பிடறேன், அதுக்குள்ள பாசினெட்டுக்கு போன் பண்ணிடு. தங்கச்சிய ரொம்ப விசாரிச்சதா சொல்லு, அம்மாவும் உன்ன கேட்டுட்டே இருக்காங்க.

உன் மச்சான்