அது கரோலினா அல்ல, ஸ்டேட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய கட்டுரையில், '1983-ல் ஹூஸ்டனை வீழ்த்தி வட கரோலினா பல்கலைக்கழகம் கோப்பையை வென்றது' என்று ஒரு வரி வந்திருக்கிறது. வென்றது வட கரோலினா பல்கலைக்கழகம் அல்ல, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். ஒரு சொல்தானே விட்டுப்போயிற்று என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். அந்த ஒரு சொல்லுக்குள்தான் நாங்கள் ஆறு ஆண்டுகள் குடியிருந்தோம்.

என் தந்தை நூற்பாலைத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் பெறுவதற்காக 1980-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ராலி நகரத்துக்குப் போனார். எனக்கு அப்போது ஏழு வயது. அந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, 'ஸ்டேட்டா, கரோலினாவா?' என்பதுதான். கரோலினா என்றால் சேப்பல் ஹில் ஊரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம். ஸ்டேட் என்றால் ராலியில் அப்பா படித்த மாநிலப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கோவைக்கும் திருப்பூருக்கும் உள்ள தூரம்தான். ஆனால் ஒன்று 1795-லேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட பழம்பெரும் பல்கலைக்கழகம். மற்றது விவசாயிகளின் பிள்ளைகளும் தொழிலாளிகளின் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று 1887-ல் தொடங்கப்பட்டது. உழவும் இயந்திரமும் நெசவும் கற்றுக்கொடுத்த அந்த இடத்தை எதிர்தரப்பினர் மாட்டுக் கல்லூரி என்பார்கள். பள்ளிப் பேருந்தில் எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்த ஒரு பையன், நான் ஏறும்போதெல்லாம் மாடு போல் கத்துவான். அப்பா படிக்கும் இடத்தைக் கேலி செய்கிறான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. புரிந்த அன்று முதல் நான் ஸ்டேட் ரசிகை. இன்றும் அப்படித்தான். இப்போது தங்கள் இதழ் எங்கள் வெற்றியை எடுத்து அந்தப் பையனின் கையில் கொடுத்திருக்கிறது.

1983-ஐப் பற்றி எழுதத் துணிந்தவர் அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதையாவது விசாரித்திருக்கலாம். ஜனவரியில் எங்கள் அணியின் முக்கிய ஆட்டக்காரர் டெரிக் விட்டன்பர்க்கின் பாதத்தில் எலும்பு முறிந்தது. அவர் ஆடாத வாரங்களில் அணி தடுமாறியது. மார்ச் மாதம் வட்டாரப் போட்டி தொடங்கியபோது 17 வெற்றி, 10 தோல்வி. அதை வென்றால்தான் தேசியப் போட்டிக்கே போக முடியும் என்ற நிலைமை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் நான்காம் வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கவில்லை. ஆசிரியை சக்கரம் வைத்த உயரமான மேசையில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த மாநிலத்துப் பள்ளிகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. போட்டி நாளில் தலைமையாசிரியர்கூடத் தடுக்க மாட்டார். வேக் ஃபாரஸ்ட்டை 71-70 என்று ஒரே புள்ளியில் தாண்டினோம். மறுநாள் மைக்கேல் ஜோர்டன் ஆடிய சேப்பல் ஹில் அணியைக் கூடுதல் நேரத்தில் வென்றோம். தங்கள் கட்டுரையாளர் கோப்பையைத் தூக்கிக் கொடுத்த அதே அணியை, ஐயா! அதற்கடுத்த நாள், ஏழடி நான்கு அங்குல உயரமுள்ள ரால்ஃப் சாம்சனின் வர்ஜீனியா. அங்கிருந்து தேசியப் போட்டி. ஒன்பது ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றதில் மூன்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் வந்தவை.

ஏப்ரல் 4, திங்கட்கிழமை இரவு. மாணவர் குடும்பக் குடியிருப்பில் எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் அப்பாவும் நானும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நான் தூங்கியிருக்க வேண்டிய நேரம். ஹூஸ்டன் அணியில் அகீம் ஒலாஜுவானும் கிளைட் டிரெக்ஸ்லரும் ஆடினார்கள். நாங்கள் ஜெயிப்போம் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. இரண்டாம் பாதியில் முன்னிலை பெற்ற ஹூஸ்டன், பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தப் பார்த்தது. இத்தனை நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போது அந்தப் போட்டியில் கிடையாது. எங்கள் பயிற்சியாளர் ஜிம் வால்வானோ வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். அதற்காக அவர்களுக்குக் கிடைத்த, தடுப்பார் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோக்களை அவர்கள் தவறவிட்டார்கள். 52-52. கடைசி நொடிகளில் விட்டன்பர்க் முப்பதடி தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையம்வரை போய்ச் சேரவில்லை. கீழே நின்ற லொரென்சோ சார்ல்ஸ் எழும்பி, அதைக் காற்றிலேயே பிடித்து, வளையத்துக்குள் அறைந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது. வால்வானோ யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் மைதானத்தில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கம்பளிச் சால்வையை என் மேல் சுற்றி அப்பா என்னை ஹில்ஸ்பரோ தெருவுக்கு அழைத்துப்போனார். தெரு கொள்ளாத கூட்டம். உணவு விடுதியில் வேலை செய்யும் வயதான அம்மாள் ஒருவர், அப்பாவுக்கு நாள்தோறும் இறைச்சி இல்லாத தட்டைத் தனியாக எடுத்துவைப்பவர், அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை மூன்று ஆண்டுகளாக அப்பா 'இவர்கள் ஊர்', 'இவர்கள் அணி' என்றுதான் சொல்லிவந்தார். அன்று திரும்பி வரும் வழியில் என்னிடம், 'நாம் ஜெயித்துவிட்டோம்' என்றார்.

அதே கட்டுரையில், 'கல்லூரி ஆட்டம் என்பது என்.பி.ஏ.வுக்கு ஆள் எடுக்கும் நாற்றங்கால், அவ்வளவே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிப் பந்தை எறிந்த விட்டன்பர்க், என்.பி.ஏ. என்ற அந்தத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதை வளையத்துக்குள் அறைந்த சார்ல்ஸ் அங்கே ஆடியது ஒரே ஒரு பருவம். பிற்காலத்தில் அவர் பஸ் ஓட்டினார். 2011 ஜூனில், அதே ராலி நகரத்தில், தனியாக ஓட்டிச் சென்ற பஸ் விபத்துக்குள்ளாகி இறந்தார். 47 வயது. ஊரே அழுதது. நாற்றங்காலில் தேறாத நாற்றுக்காகவா அழுதார்கள்? சேப்பல் ஹில்லின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் எங்களுக்கு எதிரிதான். ஆனால் அவர் 2015-ல் மறைந்தபோது, தன்னிடம் ஆடிய ஏறக்குறைய 180 பேருக்கும், என்.பி.ஏ.வுக்குப் போனவர், போகாதவர் என்று பார்க்காமல், ஆளுக்கு 200 டாலர் உயிலில் எழுதிவைத்திருந்தார், வெளியே போய் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று. இந்த உறவுக்குக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பெண்கள் அணி பற்றியும் ஒரு வரி இல்லை. கே யோவ் என்ற பெண்மணி 1975 முதல் 2009-ல் புற்றுநோயால் இறக்கும் வரை எங்கள் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 1988-ல் அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் தங்கமும் வாங்கித் தந்தார். எங்கள் பல்கலைக்கழக அரங்கமான ரீனால்ட்ஸ் கொலிசியத்தில் அந்தப் பெண்களைப் பார்த்துத்தான் நான் பந்தைத் தரையில் தட்டக் கற்றேன்.

சார்ல்ஸ் இறந்த வாரமே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. 2024-ல், ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று ஸ்டேட் மறுபடியும் வட்டாரக் கோப்பையை எடுத்து, 1983-க்குப் பிறகு முதல்முறையாகத் தேசிய அரையிறுதிக்குப் போனபோதும் எழுதினேன். அதுவும் வரவில்லை. எங்கள் கோவையில் ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது, ஓர் அங்குல இடமாவது ஒதுக்குங்கள் என்று கேட்டும் எழுதியிருக்கிறேன். கிரிக்கெட் வீரர்களின் சிகை அலங்காரத்துக்கு முழுப் பக்கம் கிடைத்த இதழ்களை எடுத்துவைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுச் சந்தாதாரர் என்ற முறையில் இதற்குமேல் சொல்வது மரியாதையாக இருக்காது.

1986-ல் நாங்கள் கோவைக்குத் திரும்பிய பிறகு, அப்பாவுடன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருவர் விளையாட்டுப் பக்கங்களைக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவார். மார்ச்சில் நடந்த ஆட்டம் ஜூனில் வரும். அப்பா கட்டைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் தருவார். மீதியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். 1987-ல் நாங்கள் சேப்பல் ஹில்லை 68-67 என்று வென்றது எனக்கு மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நடந்தது. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. கண்ணில் புரை. தங்கள் இதழை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். சென்ற இதழில் அந்த வரி வந்தபோது, நானாகவே 'மாநில' என்ற சொல்லைச் சேர்த்து வாசித்துவிட்டு மேலே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். 'அப்படியா போட்டிருக்கிறார்கள்?' என்றார். ஆமாம் என்றேன். 'சரியாகப் போட்டிருக்கிறார்களே' என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறந்ததிலிருந்து நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. தங்கள் இதழால் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 1983-ல் வென்றது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், 54-52. இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம். அவருக்கு நான் அந்த இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோவை.