ஆய்வுகூடச் சாவி தொடர்பாக

பீட ஆய்வுக் குழுவின் மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று விடிய ஆறு மணிக்கே யாழ்ப்பாணத்து உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் தோட்டக் கிணறுகளில் 24 போத்தல் தண்ணீர் அள்ளினேன். வெங்காயத்துக்குப் போடும் யூரியா செம்மண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் தாண்டி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மாதிரியை 4 பாகை செல்சியசில் குளிரவைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளக்கவேண்டும் என்று எனக்குப் படிப்பித்ததே உங்களில் ஒருவர்தான்.

செய்முறை வகுப்பு முடித்து ஓடிவர நாலு பத்து. ஆய்வுகூடக் கதவில் பூட்டு. திங்கள்வரை போத்தல்கள் என் வீட்டுப் பிரிட்ஜில் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன. பிறகு 24ஐயும் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

கிணற்றடியில் ஒரு ஐயா கேட்டவர்: "பிள்ளை, இந்தத் தண்ணியில பேரனுக்குப் பால்மா கரைச்சுக் குடுக்கலாமோ?" வாற கிழமை சொல்லுறன் எண்டு வந்தனான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இன்னும் நிரந்தரமாகாத எங்களைப் போன்ற தகுதிகாண் விரிவுரையாளர்களுக்கு இரவு எட்டு மணிவரை ஆய்வுகூடச் சாவி. பகல் முழுக்க விரிவுரை, செய்முறை, விடைத்தாள். மிஞ்சுவது பின்னேரம், அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஒப்பிட்டு அளக்க உதவும் நியமக் கரைசலைப் பிழையாகக் கலந்து, அளவீட்டு வரைபு கோணி, திரும்பக் கலந்துதான் கை பழகும். அதைப் பயிலரங்கில் படிக்க முடியாது.

ஆய்வுப் பண்பாடு பற்றி வருடாவருடம் கூட்டம் வைக்கிறீர்கள். அங்கே தரும் றோல்ஸ் நல்லாத்தான் இருக்கிறது. எத்தனை கட்டுரை வெளியிட்டாய் என்று படிவமும் தருகிறீர்கள். கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்பட்டது என்று எழுத அதில் இடமில்லை.

பொருள் களவு போகும் என்பது உங்கள் பயமென்றால், பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறோம், இருவர் இல்லாமல் உள்ளே போகமாட்டோம். உடைந்தால் பொறுப்பும் எங்களுடையது. சாவியை மட்டும் தாருங்கள்.

வருகிற வெள்ளி திரும்பவும் உரும்பிராய் போகிறேன். அதற்குமுன் ஒரு பதில் தந்தால் பெரிய உதவி. அந்த ஐயா கட்டாயம் கேட்பார்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
தகுதிகாண் விரிவுரையாளர் ஒருத்தி