வைக்கோல்ல எத்தனால் சரி, வைக்கோலுக்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வைக்கோல்லேர்ந்து பெட்ரோல்ல கலக்குற எத்தனால் எடுக்குறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், டெல்டாவுலயும் இந்த மாதிரி ஆலை வரணும்னு எழுதியிருந்தீங்க, வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா வைக்கோல் ஏதோ சும்மா கெடக்குற மாதிரியும் ஈஸ்ட்ட போட்டா மாவு புளிக்கிற மாதிரி தானா ஆயிடும்ங்கற மாதிரியும் எழுதுனா எப்படிங்க.

ஈஸ்ட்டு வைக்கோல தொடவே தொடாது, அதுக்கு வேண்டியது சர்க்கரை. வைக்கோல்ல அது செல்லுலோஸ்ங்கற நாரா இறுகிப்போயி, லிக்னின்ங்கற கெட்டியான பொருளுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, முதல்ல பொடியா நறுக்கி, கொஞ்சம் ஆசிட் சேத்து நீராவில வேக வெச்சு இளக்கணும், அப்பறம் செல்லுலேஸ்ங்கற என்சைம ஊத்தி 50 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா வெச்சாதான் குளுக்கோஸா உடையும். இந்த என்சைம் ட்ரைக்கோடெர்மா ரீசிங்கற பூஞ்சைலேர்ந்து வருது, ரெண்டாம் உலகப்போர்ல சாலமன் தீவுல அமெரிக்க பட்டாளத்தோட துணிமணி, டென்ட்டையெல்லாம் மக்க வெச்சது இதுதான் (நாம உளுந்துல வேரழுகலுக்கு போடுற ட்ரைக்கோடெர்மா விரிடிங்கற பூஞ்சைக்கு பங்காளி). அதுக்கப்பறம்தான் ஈஸ்ட்டுக்கு வேலை. அதுலயும் சைலோஸ்னு ஒரு சர்க்கரை கணிசமா இருக்கு, சாதா ஈஸ்ட்டு அத தின்னாது, மரபணு மாத்துன ஈஸ்ட்டு வேணும். இவ்ளோ பாடு இருக்கறதாலதான் மொலாசஸ் (சர்க்கரை ஆலைல மிஞ்சுற கழிவுப்பாகு), அரிசி, மக்காச்சோளத்துல எடுக்குறதே லேசுன்னு எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க மக்காச்சோள விலைய பாத்து புலம்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹரியானா பானிப்பட்ல இந்தியன் ஆயில் கட்டுன வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்ட்ல திறந்தாங்க, 900 கோடிக்கு மேல செலவு, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல் போட்டு 3 கோடி லிட்டர் எத்தனால்னு திட்டம். டன்னுக்கு 150 லிட்டர் வருது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல்னு வெச்சா கூட 1 லட்சம் ஏக்கர் வைக்கோல் அந்த ஒரே ஆலைக்கு போவணும், அதுவும் அறுப்பு நடக்குற சில வாரத்துக்குள்ள கட்டு கட்டி, லாரி ஏத்தி, வருஷம் பூரா மழை படாம அடுக்கி வெக்கணும். அங்க அடுத்து கோதுமை போடணும்னு கொளுத்துறாங்க, அதனால வைக்கோல் கெடைக்குது. இங்க சம்பா வைக்கோல் எங்க மிச்சமாவுது? மாட்டுக்கு போவுது, கட்டு கட்டுற மெஷின்காரர் வயல்லயே எடுத்து கேரளாவுக்கு ஏத்திடுறாரு.

மிச்சமாவுறது குறுவை வைக்கோல். புரட்டாசி ஐப்பசில அறுக்குறோம், மழை புடிச்சுக்கும், மெஷின் அறுத்த வயல்ல வைக்கோல் சேத்துல மிதிபட்டு ரெண்டே நாள்ல கருத்து நாறிப்போவும், மாடு மோந்து கூட பாக்காது, தாளடிக்கு நேரமாவுதேன்னு மடக்கி உழுதுடுவோம். இத எடுக்குறதுக்கு வழி சொன்னா அது பேச்சு. 17 சதவீதம் ஈரம் தாண்டுனா நெல்லுக்கே கொள்முதல்ல மூக்கால அழணும், ஈர வைக்கோலுக்கு யாரு எடை போட்டு காசு குடுப்பா?

இன்னொன்னு கட்டுரைல இல்லவே இல்ல. பயிர் எடுக்குற பொட்டாஷ்ங்கற சாம்பல் சத்துல பெரும்பங்கு நெல்லுல இல்ல, வைக்கோல்லதான் நிக்குது. வருஷா வருஷம் வயல்லேர்ந்து தூக்கிட்டு போனா அந்த பொட்டாஷ நான் மூட்டை கணக்குல கடைல வாங்கித்தான் போடணும், விக்கிற விலை தெரியும்ல. ஆலைல மிஞ்சுற லிக்னின பாய்லர்ல எரிப்பாங்க, அதுல வர்ற சாம்பலையும் மிச்ச கழிவையும் சோதிச்சு பாத்துட்டு வைக்கோல் குடுத்தவனுக்கே திருப்பி குடுக்கலாம்.

அதனால ஆலை எந்த ஊர்ல வரணும்ங்கறத விட்டுட்டு, டன்னுக்கு என்ன ரேட்டு, வயல்லயே எடை போடுவாங்களா, ஈரத்துக்கு எவ்ளோ கழிப்பாங்க, சாம்பல் திரும்ப வருமா, இந்த நாலையும் அதிகாரிங்ககிட்ட கேட்டு அடுத்த தடவ எழுதுங்க. குறுவை அறுப்புக்கு முன்னாடி வந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்