என்ட புள்ளைக்கு

மகள்,

நேத்து ராவு நீ கோல் எடுத்து பாலேல என்ன சோலோயிஸ்ட், தனிய ஆடுறவள், ஆக்கிட்டாங்கம்மா எண்டு சொன்னதும் எனக்கு வாயே வரல்ல, போனை அப்பாக்கிட்ட குடுத்திட்டு அடுப்படிக்குள்ள போய் நிண்டு அழுதன், அதான் இப்ப ஆறுதலா எழுதுறன்.

7 வருஷம் கோர் டி பாலேல, கூட்டமா ஆடுற குழுவுல, நிண்டாய். சுவான் லேக் எண்ட அன்னங்கள்ட பாலே வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டி 24 அன்னத்துல என்ட புள்ள எதுவெண்டு தேடுவன். பின்னுக்கு நிக்கவா இவ்வளவு தூரம் போனவள் எண்டு இங்க ஒராள் கேட்டவ, எனக்கு நெஞ்சு கொதிச்சிது. உன்ட அப்பப்பா வடமோடிக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார், தனிய ஆடுறவன் பிசகினா மத்தளத்தால மறைச்சிரலாம், கூட்டமா ஆடக்குள்ள ஒரு கால் பிந்தினா களரியே குலைஞ்சிரும் எண்டுவார். 24 பேருக்கும் ஒரே மூச்சு வாறது லேசுப்பட்ட வேலையா புள்ள?

11 வயசுல சித்தியோட உன்ன அனுப்பக்குள்ள நீ பரதத்துட அரைமண்டி மட்டும் தெரிஞ்ச புள்ள. மறுகா ஒருக்கா பாலேல முழங்கால மடிக்கிற பிளியே எண்டு ஒண்டு செய்து காட்டினாய், இது நம்மட அரைமண்டிதானே எண்டன், இல்லம்மா அதுல அப்படியே இருந்து ஆடுறது, இதுல இருந்து மேல எழும்பணும் எண்டாய்.

2017ல நான் லண்டன் வந்து நிண்ட நேரம் ஒண்டு பார்த்தன், இன்னும் கண்ணுக்குள்ளயே கிடக்கு. ராவு 11 மணி, மேசை நிறைய விரல் நுனியில நிண்டு ஆடுற புது பாயிண்ட் ஷூ, எல்லாம் ரோஸ் கலர். டைட்ஸ் போடாம ஆடுற ஆட்டத்துக்கு கணுக்கால்ல நிறம் முறிஞ்சா கால் கட்டையாத் தெரியுமாம், அதால முகத்துக்குப் பூசுற உன்ட தோல் நிறத்துப் பவுண்டேஷன பஞ்சில தொட்டுத் தொட்டு ஷூவுக்கு ஒத்திக்கொண்டு இருந்தாய். நான் பக்கத்துல இருந்து பல்லிடுக்குக்கு விடுற நூலால நாடா தைச்சன், சாதா நூல் அறுந்திரும் எண்டாய். 30 வருஷம் தையல் மெஷின்ல இருக்கன், அப்படி ஒரு நூல்ல அண்டைக்குத்தான் தைச்சன். ஒரு ஷோவோட சில சோடி செத்திரும் எண்டு கேட்டு வயிறு பத்திச்சி.

அடுத்த வருஷம், 2018ல, ஷூ செய்யிற ஃப்ரீட் கம்பனி, கறுப்பு, ஆசிய ஆக்கள் ஆடுற பாலே பிளாக் குழுவோட சேர்ந்து பிரவுண் கலர்ல ஷூ விட்டிச்சி எண்டு நீ படம் அனுப்பினாய். அண்டைக்கு எனக்கு வந்த சந்தோஷம், நேத்து வந்ததுக்குக் குறைஞ்சதில்ல மகள்.

இப்ப போட்டுக்கொண்டிருக்கிற ஷூவுக்கு நாடா நிறம் ஒத்துவரல்ல எண்டு சொன்னாய்தானே. சாட்டின் நாடாவ கடும் தேயிலைச் சாயத்துல ஊறப்போட்டுப் பார்த்தன், நிழல்ல காய வெச்சா திட்டு விழல்ல, நிறமும் கிட்ட வருது. ஷூத் துணியில சின்னத் துண்டொண்டு கவர்ல வெச்சு அனுப்பு, சரியாப் பார்த்து 12 சோடிக்கு சாயம் போட்டு வெக்கிறன்.

அம்மா
கல்லடி