பூனையும் சர்க்கரைப் புக்கையும்

யாழ்ப்பாணம்,
ஆவணி.

அன்பு மகளுக்கு,

போன வெள்ளிக்கிழமை வைரவருக்குப் பொங்கியபோது, வாழையிலையில் வைத்த சர்க்கரைப் புக்கையை எங்கள் பூனை முகர்ந்து, மேலே உருகிக் கிடந்த நெய்யை மட்டும் நக்கிவிட்டு விலகியதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "அம்மம்மா, பூனைக்கு ஏன் இனிப்புப் பிடிக்காது?" என்று கேட்டாள். அடுப்படி அவசரத்தில் நான் ஏதோ சொல்லிவிட்டேன். முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவள் அதை அப்படியே விடக்கூடாது.

பிடிக்காமல் இல்லை, பிள்ளை. இனிப்பு என்ற ஒன்றே பூனைக்குத் தெரியாது. முலையூட்டிகளின் நாவில் இனிப்பை உணரும் வாங்கி, அதாவது சுவையைப் பிடித்து உணர்த்தும் அமைப்பு, இரண்டு புரதங்கள் இணைந்து அமைவது. அவற்றுள் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகில் (ஜீனில்) 247 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதால் பூனையில் அந்தப் புரதம் உருவாவதேயில்லை என்று 2005 இல் காட்டினார்கள். புலியிலும் அதே பழுதுதான். இறைச்சி தின்றே வாழும் குடும்பத்தில் அதனால் எந்தக் குட்டியும் பட்டினி கிடந்திராது. மூங்கில் தின்னும் பண்டாவிலோ இறைச்சிச் சுவைக்குரிய அலகு பழுதாகிக் கிடக்கிறது.

மூக்கின் கதை இன்னும் பெரியது. மணத்தைப் பிடிக்கும் வாங்கிகளை ஆக்கும் பரம்பரையலகுகளை அமெரிக்க விஞ்ஞானிகள் லிண்டா பக்கும் ரிச்சட் அக்செலும் 1991 இல் கண்டறிந்து, 2004 இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஓர் அலகு தற்செயலாக இரட்டித்தால், ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது மெல்ல மாறிப் புதிய மணமொன்றைப் பிடிக்கலாம். அல்லது பழுதாகி, தலைமுறை தலைமுறையாக வெறுமனே கூடவரலாம். ஆபிரிக்க யானையிடம் வேலை செய்பவை ஏறத்தாழ 2,000. சுண்டெலியிடம் 1,100 அளவில். எங்களிடம் 400 அளவில். துருப்பிடித்த திறப்புகளையும் அப்பு தன் கோர்வையை விட்டுக் கழற்றாததுபோல, பழுதானவையும் ஏறக்குறைய அதேயளவு எங்களுக்குள் கிடக்கின்றன. ஆனாலும் ஒரு மணம் பல வாங்கிகளை ஒன்றாகத் தூண்டுவதால், 400 வாங்கிகளுக்கு 400 மணம்தான் என்று எண்ணிவிடாதே.

குரங்கினத்தில் நிறப்பார்வை வந்ததும் மூக்கு மங்கியது என்று வகுப்பில் ஒரே வரியில் எழுதிப்போட்டவள் நான். குரங்கினங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த இடத்தில் திடீர் வீழ்ச்சி எதுவும் இல்லை, அலகுகள் சிறிது சிறிதாகவே குறைந்திருக்கின்றன என்று தெரிந்தது. என்னிடம் அப்படிப் படித்துப்போன பிள்ளைகளை நினைத்தால் மனம் வருந்துகிறது.

இனிப்புக்கு ஒரே வாங்கி வைத்திருக்கும் மனிதரிடம் கசப்புக்கு ஏறத்தாழ 25 உண்டு. செடிகளின் நஞ்சு ஒருவகையானதல்லவே. அந்த வாங்கிகளிற் சில ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவர் நாவில் கசப்பது இன்னொருவருக்குக் கசப்பதில்லை. நேற்றுப் பனம்பழம் சுட்டு, களி பிசைந்து, பினாட்டுக்குப் பாயில் ஊற்றியிருக்கிறேன். முற்றமெல்லாம் அந்த மணம்தான். காய்ந்ததும் அனுப்புகிறேன். முதலில் அவளைக் கண்ணை மூடி முகரச் சொல்; பிறகு ஒரு துண்டு வாயில் போட்டு, அடிநாக்கில் கசக்கிறதா என்று கேட்டு எழுது. உனக்குச் சின்ன வயதில் கசக்கவேயில்லை.

அன்புடன்,
அம்மா