பார்த்துச் சொன்னவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

2015 தை மாதம் திண்டுக்கல்லில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பேங்க் லோனில் வாங்கிய ஒரு டென்டல் சேரைப் போட்டு நான் ஆரம்பித்த கிளினிக்குக்குப் பத்து வருடம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் ஒரே சேர்தான், ஒரே டாக்டர்தான். வேர் சிகிச்சை, அதாவது பல் வேருக்குள் இருக்கும் மெல்லிய கால்வாய்களைச் சுத்தம் செய்து நிரப்பும் ரூட் கேனால் மட்டும்தான் செய்கிறேன். பல் எடுப்பது, கம்பி கட்டுவது, பல்செட் எதுவும் கிடையாது. மற்ற பல் டாக்டர்கள் தங்களிடம் வரும் சிக்கலான ரூட் கேனால் கேஸ்களை எனக்கு அனுப்புவார்கள், நான் செய்து திருப்பி அனுப்புவேன். "இதை மட்டும் வச்சு எப்படிம்மா ஓட்டப்போற, மதுரைன்னாலும் பரவாயில்ல" என்று அன்றைக்குக் கேட்காதவர்கள் குறைவு. எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓட வைத்தவர்கள் பலருக்கு அதில் தங்கள் பங்கு இருப்பதே தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். படிக்கும் மூன்று வருடமும் நாங்கள் செய்கிற ஒவ்வொரு படியையும் யாராவது ஒருவர் பார்ப்பார்கள். பல்லைத் திறந்ததும் காட்ட வேண்டும், வேரின் நீளம் எடுத்த எக்ஸ்-ரேயைக் காட்ட வேண்டும், நிரப்பியதும் காட்ட வேண்டும், கையெழுத்து விழுந்தால்தான் அடுத்தது. அப்போது அது எரிச்சலாக இருக்கும். சொந்தமாகக் கிளினிக் போட்ட அன்று அந்தக் கையெழுத்து நின்றுபோகிறது. உட்கார்ந்திருப்பவருக்குத் தன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. வேலை அரைகுறையாக இருந்தாலும் வலி போய்விடும், அவரும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போவார். தப்பு தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும், அப்போது அவர் வேறு டாக்டரிடம் போயிருப்பார். தனியாகத் தொழில் செய்வதில் பணக் கஷ்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிய பயம். அந்தப் பயத்தை நான் தாண்டிவந்தது சில பேர் என் வேலையைப் பார்த்து, முகத்துக்கு நேராகச் சொன்னதால்தான்.

முதல் நன்றி, கிளினிக்கில் என்னோடு நிற்கும் அக்காவுக்கு.

அக்கா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காத நேரம் அது. அதற்கு முன்னால் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை, பல் டாக்டர் கிளினிக்குக்குள் நுழைந்ததே இல்லை. அன்றைக்கு வந்தவருக்கு வலது பக்கம் கீழ் வரிசையில் முதல் கடைவாய்ப்பல். ஊசி போட்டாயிற்று, பல் மரத்துப்போயிற்று, ரப்பர் டேம் மாட்டியாயிற்று. ரப்பர் டேம் என்பது எச்சில் உள்ளே வராமலும் மருந்து தொண்டைக்குப் போகாமலும் இருக்க வாய் முழுக்க விரிக்கிற ஒரு மெல்லிய ரப்பர் ஷீட், அதில் ஓட்டை போட்டு வேலை செய்யவேண்டிய ஒரு பல்லை மட்டும் வெளியே எடுப்போம். விரித்துவிட்டால் பக்கத்துப் பல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பல்லைத் துளைக்கும் ஏரோட்டரைக் கையில் எடுத்தாயிற்று, கால் பெடல் மேல் இருக்கிறது. அக்கா மானிட்டரில் இருந்த எக்ஸ்-ரேயைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், மறுபடி எக்ஸ்-ரேயைப் பார்த்தார். "மேடம், ஒரு நிமிஷம். எக்ஸ்-ரேல இருக்கிற பல்லுல பழைய சிமெண்ட் அடைச்சிருக்கு. இதுல வெறும் குழிதானே இருக்கு?"

ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் மாட்டியிருந்தது பக்கத்துப் பல்லில்.

ஷீட்டைக் கழற்றி, சரியான பல்லில் மாட்டி, வேலையை முடித்தேன். பேஷண்டிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் போன பிறகு கை நடுங்கியது. இன்னும் இரண்டு விநாடி போயிருந்தால் நல்ல பல் ஒன்றில் ஓட்டை விழுந்திருக்கும். அக்கா, சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று நீங்கள் நினைத்திருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை. ஷீட் விரிப்பதற்கு முன்னால் பல்லில் நான் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பதும், நீங்கள் எக்ஸ்-ரேயைப் பார்த்துப் பல் நம்பரை வாய்விட்டுச் சொல்வதும், நான் முன்பல்லில் இருந்து எண்ணிக்கொண்டு வருவதும் அன்றைக்கு ஆரம்பித்தது. நீங்கள் லீவு என்றால் அன்றைக்கு ரூட் கேனால் கிடையாது.

அடுத்தது வத்தலக்குண்டில் இருக்கும் சீனியர் டாக்டர் ஒருவருக்கு. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முதல் வருடம் அவரிடமிருந்து மாதம் நாலைந்து பேர் வருவார்கள். ஒரு அம்மா, "கேப்பையும் நீங்களே போட்டுருங்க டாக்டர், மறுபடி பஸ் ஏறி அங்க போகணுமா" என்று கேட்டார், நானும் சரி என்று போட்டுவிட்டேன். இரண்டு நாளில் போன் வந்தது. "அந்தம்மாவ நான் இருபது வருஷமாப் பார்க்கறேம்மா. அவங்க வேர உங்கள நம்பித்தான் அனுப்பினேன். பல்லையும் குடும்பத்தையும் சேத்து நீங்க எடுத்துக்கிட்டா அடுத்த ஆள நான் எப்படி அனுப்புவேன்?" கோபமே இல்லாத குரல். எனக்கு வேர்த்துவிட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களில் இன்னும் இரண்டு டாக்டர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள், ஏன் என்று எனக்குப் புரியாமல் இருந்தது. அவர்கள் சொல்லவில்லை. சார், நீங்கள் சொன்னீர்கள். அன்றிலிருந்து இங்கே வருகிறவர் பல்லில் தற்காலிக அடைப்போடு, கையில் எக்ஸ்-ரே நகலோடும் ஒரு கடிதத்தோடும்தான் திரும்பிப் போகிறார்: எத்தனை கால்வாய், எவ்வளவு நீளம், என்ன போட்டு நிரப்பினேன், கேப் எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று. வழியில் வேறு பல்லில் குழி பார்த்தால் அதையும் கடிதத்தில் எழுதுகிறேன், கை வைப்பதில்லை. ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் ஆரம்பிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

மதுரையில் இருக்கும் இன்னொரு சீனியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் வேர் சிகிச்சை நிபுணர்தான், பார்க்கப்போனால் எனக்குப் போட்டி. 2018இல் நான் செய்த மேல் கடைவாய்ப்பல் கேஸ்களின் எக்ஸ்-ரே ஒன்பதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்கத்தான் போனேன், அதுதான் உண்மை. பொறுமையாக ஒன்பதையும் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் மூணு கால்வாய்தான் நிரப்பியிருக்கீங்க. ஒன்பது பல்லுல ஒண்ணுலகூடவா நாலாவது இல்லாமப் போகும்?" என்றார். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு கால்வாய் உண்டு, தலைமுடி கனத்தில், மேலே ஒரு சின்ன விளிம்பு மூடியிருக்கும். படித்தது, பரீட்சையில் எழுதியது. வெறும் கண்ணில் தேடிப்பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்டியிருக்கிறேன். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய மைக்ரோஸ்கோப்பில் என்னை உட்கார வைத்துப் பழக்கினார், பைசா வாங்கவில்லை. அப்புறம்தான் லோன் போட்டு எனக்கென்று ஒன்று வாங்கினேன். அந்த ஒன்பது பேரையும் போனில் தேடினேன், ஆறு பேர் கிடைத்தார்கள். அதில் இரண்டு பேருக்கு எக்ஸ்-ரேயில் வேர் நுனியில் மறுபடி கறுப்பு தெரிந்தது, உள்ளே கிருமி இருப்பதன் அடையாளம். பீஸ் இல்லாமல் திரும்பச் செய்துகொடுத்தேன். இரண்டிலும் அந்த நாலாவது கால்வாய் இருந்தது.

ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஐயாவுக்கு இதை எழுதும்போது கொஞ்சம் நிறுத்தி எழுத வேண்டியிருக்கிறது. 2016. கீழ்க் கடைவாய்ப்பல், வளைந்த வேர். கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி மாதிரியான நிக்கல் டைட்டானியம் ஃபைல் எந்த அறிகுறியும் காட்டாமல் உடையக்கூடியது, வளைவில் சுற்றிச் சுற்றி உள்ளுக்குள்ளேயே களைத்துப்போய் ஒரு நொடியில் முறிந்துவிடும். கையில் ஒரு சின்ன 'டிக்' தெரிந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் நுனியில் மூன்று மில்லிமீட்டர் இல்லை. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் எங்கள் புரபசருக்குப் போன் செய்தேன். எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் போன் செய்தேன். மேடம் கேட்ட முதல் கேள்வி, "அவர்கிட்ட சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "போய்ச் சொல்லு. எக்ஸ்-ரேயைக் காட்டிச் சொல்லு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

சொன்னேன். ஐயா எக்ஸ்-ரேயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இது உள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கால்வாய் முக்கால்வாசி சுத்தமான பிறகு உடைந்திருக்கிறது, கிருமி உள்ளே தங்காமல் இருந்தால் அந்தத் துண்டால் மட்டும் கெடுதல் வராது, ஆனால் கண்காணிக்க வேண்டும், மறுபடி வலித்தால் வேர் நுனியில் ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம் என்றேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கணும் என்று கேட்டு, பையில் இருந்து டைரியை எடுத்து, ஆறு மாதம், ஒரு வருடம் என்று தேதியோடு எழுதிக்கொண்டார். ஐயா, அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருந்தாலும் நியாயம்தான். நீங்கள் அந்தத் தேதிகளைத் தவறவிட்டதே இல்லை. நான் மறந்திருந்தாலும் "ஆனி மாசம் எக்ஸ்-ரே எடுக்கணும்னு எழுதியிருக்கேன் டாக்டரம்மா" என்று போன் வரும். புரபசர் மேடம், எனக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், அந்த அரை நிமிஷப் போன் மாதிரி வேறு எதுவும் இல்லை.

மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டியில் வருகிற தம்பிக்கு நன்றி என்பதைவிட மன்னிப்புத்தான் முதலில். ஊசி, பிளேடு, ஃபைல் எல்லாம் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும், 2016 மருத்துவக் கழிவு விதிகளில் தெளிவாக இருக்கிறது, எனக்கும் தெரியும். ஒருநாள் அவசரத்தில் பஞ்சோடு சுருண்டு இரண்டு ஃபைல் மஞ்சள் பையில் போய்விட்டது, பையைத் தூக்கும்போது கையுறையைத் தாண்டி அவர் விரலில் குத்திவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பார்கள். அவர் மாடியேறி வந்து விரலைக் காட்டி, "டாக்டரம்மா, இனிமேப் பார்த்துப் போடுங்க, எனக்குப் பின்னால பிரிக்கிற எடத்துல பொம்பளையாளுங்க நிறைய பேர் இருக்காங்க" என்றார். உடனே கழுவச் சொல்லி, பக்கத்துத் தெரு பிசிஷியனிடம் கூட்டிக்கொண்டு போனோம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. எல்லாம் நல்லபடியாக வந்தது. அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை, அவர் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. ஃபைல்களை எண்ணி எடுத்து எண்ணிப் போடுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

கம்ப்ரஸர் மெக்கானிக் அண்ணனுக்கு: தினமும் சாயங்காலம் டேங்க் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் போகச் சொன்னீர்கள், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் நம்ம ஊர் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது, டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கோங்க என்று சொன்னீர்கள். இரண்டும் எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. மழை பொய்த்த அடுத்த வருடம், 2017 கோடையில் லாரித் தண்ணீரில் கிளினிக் ஓடியபோது, சேருக்குத் தனியாகப் பாட்டில் வைத்துக் கொடுத்ததும் நீங்கள்தான்.

ஆடிட்டர் சார், நீங்கள் கணக்குப் பார்க்க வந்த இடத்தில் சொன்னதை நான் மறக்க மாட்டேன். பீஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் குறைத்துக்கொண்டிருந்தேன், அது இரக்கம் என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "கேக்கத் தெரிஞ்சவருக்குக் குறைச்சிருக்கீங்க, கேக்கக் கூச்சப்பட்டவர்கிட்ட முழுசா வாங்கியிருக்கீங்க, இதுல யாரு கஷ்டப்பட்டவங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள். பதில் இல்லை. அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே பீஸ், தவணையில் கட்டலாம் என்று நானே முதலில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். கேட்காமல் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டதும் முகம் தெளிந்தார்கள் என்பதை உட்கார்ந்து பார்த்தவள் நான்.

2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வாடகை கேட்காத ஹவுஸ் ஓனர் அம்மா, சர்க்கரை இறங்கி ஒருவர் என் சேரிலேயே மயங்கியபோது செருப்புகூடப் போடாமல் ஓடிவந்த அதே பிசிஷியன், கழுத்து வலிக்கு என் ஸ்டூலையே மாற்ற வைத்த பிசியோ தங்கை, இரவு எட்டு மணிக்கு மேல் அப்பாயின்ட்மென்ட் போட்டால் மகளை விட்டுப் போன் பேச வைக்கும் என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். நேரில் சொல்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளினிக் மாடியில் சாப்பாடு. பிரியாணி போடுவதா சைவமா என்று அக்காதான் முடிவு செய்கிறார், இரண்டும் என்று கேள்வி. கண்டிப்பாக வாருங்கள், வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போஸ்ட் மாஸ்டர் ஐயா, நீங்கள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள். டைரியில் பாருங்கள், இந்த மாதம் உங்களுக்கு எக்ஸ்-ரே.