கார்புரேட்டரை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலும் சரி, சிக்னலில் நின்றதும் அணைந்தாலும் சரி, மைலேஜ் குறைந்தாலும் சரி, பழி முதலில் விழுவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் மேல்தான். கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரை வைத்து, கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருகுகிறார்கள். அதில் சரியாகவில்லை என்றால், ‘கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடலாம்’ என்று முடிவாகிவிடுகிறது. இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய கார்புரேட்டர்கள் இப்படி எடைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அவற்றின் இடத்தில் வந்து உட்காரும் மலிவான நகல்களில் ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள பித்தளைத் திருகு) அளவும் நீடில் என்ற ஊசியின் சரிவும் பெரும்பாலும் அந்த இன்ஜினுக்கு உரியவையாக இருப்பதில்லை. பழைய கோளாறு போய்ப் புதுக் கோளாறு வந்து சேரும். பழைய வண்டி ஓட்டும் வாசகர்களுக்காக இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிட வேண்டும். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி ஒரு கண்ணாடி ஜாடியில் விடுங்கள். பெட்ரோல் தடையில்லாமல் ஓட வேண்டும். கொஞ்சம் ஓடி, பிறகு சொட்டத் தொடங்கினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓட்டம் சீரானால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது; அப்படியும் சீராகவில்லை என்றால் பெட்ரோல் டேப்பின் வலை அடைத்திருக்கிறது. வேக்குவம் டேப் (இன்ஜினின் உறிஞ்சலால் திறக்கும் டேப்) உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாதபோது பெட்ரோல் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்தது பிளக். கழற்றி, அதன் உடலை இன்ஜினில் தொட வைத்துக் கிக்கரை மிதித்தால் பளிச்சென்று நீலப் பொறி வர வேண்டும். பிளக் இருந்த துளைக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது, அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். இன்டேக் வால்வு டேப்பட் இறுகி அதன் சிறு இடைவெளி குறைந்திருந்தாலும் ஸ்டார்ட்டிங் சிரமமும் நிலையில்லாத ஐடிலிங்கும் (முறுக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) வரும். அதை கார்புரேட்டர் கோளாறு என்றே நினைக்கத் தோன்றும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கார்புரேட்டருக்கு வரலாம். கோளாறு எந்த வேகத்தில் வருகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கும்போது வருகிறது என்பதை. கார்புரேட்டருக்கு வண்டியின் வேகம் தெரியாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது உள்ளே ஏறும் ஸ்லைடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. முறுக்காத நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவெட்டு (அடி ஓரத்தில் சாய்வாக வெட்டிய பகுதி). கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும், ஆனாலும் இந்தப் பிரிவு தேடுகிற இடத்தைச் சுருக்கித் தரும். கைப்பிடியிலும் அதன் பக்கத்து உறையிலும் சிறு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு வரும் இடத்தில், கலவையில் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை லேசாக இழுங்கள். ஓட்டம் தேறினால் கலவையில் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலும் அடைத்திருப்பது பைலட் ஜெட். அதன் துளை ஏறத்தாழ 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். வண்டி சில வாரம் ஓடாமல் கிடந்தால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் இருப்பது வார்னிஷ் மாதிரி பசையாகி அந்தத் துளையை மூடிவிடும். அறிகுறி தெளிவானது: சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் அணையும்; முறுக்கிப் பிடித்தால் நன்றாகப் போகும், விட்டால் நின்றுவிடும். இதற்கு ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி வைப்பது மருந்தல்ல. ஸ்லைடைத் தூக்கி வேறு ஜெட்டின் தயவில் ஓட வைக்கிறோம், அவ்வளவுதான். அடைப்பு அங்கேயே இருக்கும்.

கழற்றும் முறையில்தான் பாதிச் சேதம் நடக்கிறது. திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் முத்துகள் உருண்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு ஏர் ஸ்க்ரூவை முதலில் உள்நோக்கித் திருகி, லேசாக அமரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒன்றரை, இரண்டு, இரண்டே கால் என்று எதுவாகவும் இருக்கலாம். அமர்ந்த பிறகு ஒரு இழை கூட இறுக்கக் கூடாது. ஸ்க்ரூவின் ஊசி முனை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டாலோ துளையின் வாய் விரிந்துபோனாலோ கார்புரேட்டரின் உடலை மீட்பது கடினம். ஜெட்டுகள் மென்மையான பித்தளை. அவற்றின் வெட்டு முழுவதையும் நிரப்பும் தட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். குறுகலானது வெட்டைச் சிதைத்துவிடும்.

ஜெட்டைக் கம்பியாலோ குண்டூசியாலோ குத்தக் கூடாது என்பதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல நிறுவனங்களின் ஜெட்டில் உள்ள எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. 38 என்றால் 0.38 மில்லிமீட்டர். கம்பி ஒரு கீறல் போட்டாலே அது 40 ஆகிவிடும், எண் மட்டும் 38 என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமான தெளிந்த புள்ளி தெரிய வேண்டும். அதற்கும் அசையாத பசைக்கு நைலான் தூரிகையின் ஒற்றை இழை போதும். ஊறவைக்கும் முன் ஓ-ரிங், மிதவை, ரப்பர் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், கிளீனரில் அவை கெட்டுப்போகக்கூடும்.

ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு அதன் வழிகளை விட்டுவிடுவது எங்கும் நடக்கும் தவறு. பைலட் ஜெட் அமரும் குழியில் கிளீனரை அடித்தால், ஸ்லைடுக்குக் கீழே உள்ள மிகச் சிறிய துளைகளிலும், ஏர் ஸ்க்ரூவின் குழியிலும், ஏர் ஃபில்டர் பக்கக் காற்று வாயிலும் அது பீறிட வேண்டும். ஒவ்வொரு வாயையும் விரலால் மூடி மற்றதில் வருகிறதா என்று பாருங்கள். எதிர்பாராத திசையிலிருந்து கண்ணில் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் செய்ய வேண்டாம்.

ஓவர்ஃப்ளோ தனி விவகாரம். கிண்ணத்தின் வழிகால் குழாயில் பெட்ரோல் சொட்டினால் முதல் சந்தேகம், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை வால்வு ஊசியின் மேல். ஊசியின் ரப்பர் நுனியை நகத்தால் தடவுங்கள். வளையம் போல் பள்ளம் தட்டினால் ஊசியை மாற்ற வேண்டும். அதன் இருக்கையும் தனியாகக் கிடைக்குமானால் சேர்த்தே மாற்றுங்கள். பித்தளை மிதவையானால் காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவம் தளும்பினால் ஓட்டை. சுடுநீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டையைக் காட்டும். எல்லாம் சேர்த்த பிறகு கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துச் சுத்தமான குழாய் வழியே பெட்ரோல் வாயில் மெதுவாக ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நிமிர்த்தினால் போக வேண்டும். மிதவை உயரம் அளக்கும்போது கார்புரேட்டரைச் சாய்த்து, மிதவையின் நாக்கு ஊசியின் சிறு ஸ்பிரிங்கைத் தொட்டும் அமுக்காமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். தலைகீழாக வைத்து அளந்தால் மிதவையின் எடை ஸ்பிரிங்கை அமுக்கிவிடும், அளவு தவறும்.

ஓவர்ஃப்ளோவை அலட்சியப்படுத்தக் கூடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. வழிகால் அடைத்திருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் இன்ஜினுக்குள் இறங்கும், அங்கிருந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் அடித்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயிலை மாற்றி, வால்வு ஊசியைச் சரிசெய்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

பாதி முறுக்கலில் புகையும் பெட்ரோல் செலவும் அதிகம் என்றால் நீடிலின் கிளிப்பைப் பார்க்கலாம். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றினால் நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ்ப் பள்ளத்தில் போட்டால் கூடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பள்ளம். ஆனால் பல வருடம் ஓடிய வண்டியில் நீடில் உரசி உரசி நீடில் ஜெட்டின் துளை முட்டை வடிவமாகிவிட்டிருக்கும். அதைக் கிளிப்பால் ஈடுகட்ட முடியாது, இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்லைடைத் தூக்க டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) உள்ள வகையில் வண்டி ஒரு அளவுக்கு மேல் இழுக்காமல் திணறினால் டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், ஊசித்துளை போதும் ஸ்லைடு உயராமல் போக. திரும்பப் போடும்போது சாதாரண ஸ்லைடின் அடிவெட்டு ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் இன்ஜின் அடங்காமல் அலறும்.

மெயின் ஜெட் அடைவது அபூர்வம். முழு முறுக்கலில் இழுவை குறைந்து, சற்றே தளர்த்தியதும் வண்டி தாவினால் மெயின் ஜெட்டில் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறிக் கெடும். பிளக் நுனி வெளுத்திருப்பதும் அதையே சொல்லும். உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, இளம் பழுப்பு நிறமே நல்லது.

அடுத்து, கலவையைக் கெடுத்துவிட்டுக் கார்புரேட்டரை மாட்டிவிடும் ஆசாமி ஒன்று உண்டு: இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டு. வெடிப்பு விட்டிருந்தால் ஐடிலிங் ஏறியே நிற்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடக்கும். ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பில் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. தீப்பற்றும் ஸ்பிரேயைச் சூடான இன்ஜின் மேல் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கடைசியில்தான், சுற்று எண்ணி வைத்த அந்தக் கலவை ஸ்க்ரூ. பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிய பிறகே தொட வேண்டும். அந்த ஸ்க்ரூ ஸ்லைடுக்கு ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருகினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருகினால் கூடும். இரண்டும் நேர் எதிர். இது தெரியாமல் திருகுவதால்தான் இத்தனை குழப்பம். எழுதி வைத்த சுற்றில் தொடங்கிக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுத்து, ஐடிலிங் உச்சமும் சீரும் பெறும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். இன்ஜின் பக்க ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பைலட் ஜெட் இன்னும் சுத்தமாகவில்லை, அல்லது அளவு சிறியது. ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது, கார்புரேட்டர் குற்றமற்றது.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கி, உலோகத்தில் வெள்ளைப் பொடியாக அரிக்கும். பழைய ரப்பரும் ஊதும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் கைக்குக் கையேடு வருவது அபூர்வம். கைமாறிக் கைமாறி வந்த கார்புரேட்டரில் இப்போது இருக்கும் ஜெட் ஆலை போட்டதுதானா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வாரம் ஒரு பழைய மாடலை எடுத்துக்கொண்டு, அதன் பைலட், மெயின் ஜெட் எண்கள், நீடில் கிளிப் பள்ளம், மிதவை உயரம், ஸ்க்ரூவின் சுற்று ஆகிய ஐந்தையும் சிறு கட்டமாக அச்சிட்டால் வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பழுதுநீக்கும் வாசகர்